எலிஃபாஸ்: ஓர் இலத்தீன் சொல்லும் வன்னிக் காட்டு ஆனையும்

‘ஆங்கிலத்து எலிபன்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? எங்கட அரபியின் அல்-ஃபீல்தான் அது!’

இந்த வசனத்தை நம்மவர் மேடைகளில் கேளாதவர் குறைவு. மீலாத் விழாவில் கேட்கலாம், மத்ரஸா ஆண்டு விழாவில் கேட்கலாம். இப்போது கைத்தொலைபேசிக்குள்ளும் அது ஓடித் திரிகிறது. போன வருஷம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு விழாவிலும் பேச வந்த இளைஞர் இதைச் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல பேச்சு, நல்ல குரல். ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு அவர் சொன்ன பாதையில் போகவில்லை.

‘ஒரு சொல்தானே, விட்டுவிடலாமே’ என்று வாசகர் கேட்கலாம். விடலாம்தான். ஆனால் வன்னி முஸ்லிம்களாகிய எங்களுக்குச் சொல்லும் பெயரும் சும்மா அலங்காரப் பொருள் அல்ல. ஏன் என்பதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல் நடந்துவந்த வழியைப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது ‘எலிஃபாஸ்’ என்ற இலத்தீன் சொல். இன்றைக்கும் உலகத்து விலங்கியல் நூல்களில் நம் காட்டு ஆனைக்கு அதுதான் பெயர்: எலிஃபாஸ் மக்ஸிமஸ்.

பல்லுக்கு வைத்த பெயர்

இலத்தீனில் இந்தச் சொல்லுக்கு எலிஃபாஸ், எலிஃபந்தஸ் என இரு வடிவம் உண்டு. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வாங்கியவை. கிரேக்கத்தின் மூத்த காவியங்களான ஹோமரின் நூல்களில் ‘எலெஃபாஸ்’ வருகிறது. ஆனால் அங்கே அது விலங்கு அல்ல, தந்தம். கதவுக்கும் கட்டிலுக்கும் வாளுறைக்கும் பதிக்கிற வெள்ளைப் பொருள். அந்தப் பொருளைத் தருகிற விலங்கை அந்தக் காலக் கிரேக்கர் கண்ணால் கண்டதில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதும்போதுதான் சொல் பல்லிலிருந்து விலங்குக்கு இறங்குகிறது.

இன்னும் பழைய சான்று களிமண் பலகைகளில் இருக்கிறது. கிரீட் தீவிலும் கிரேக்கப் பெருநிலத்திலும் கிடைத்த, கி.மு. 1400 – 1200 காலப் பலகைகளின் எழுத்தை 1952இல் மைக்கல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் வாசித்துக் காட்டினார். அந்த எழுத்தில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே குறி. அரண்மனைத் தளபாடக் கணக்குகளில் ‘எ-ரெ-பா’ என்று எழுதியிருக்கிறது. தந்தம் பதித்த நாற்காலி, தந்தம் பதித்த மேசை என்ற கணக்கு அது.

‘அல்-ஃபீல்’ கதை இங்கேயே முறிந்துவிடுகிறது. அரபியின் ‘அல்’ என்ற முன்னொட்டுக்கு நமக்குக் கிடைக்கும் பழைய தடயங்களில் ஒன்று, அதே ஹெரோடோட்டஸ் அரபியர் வணங்கியதாகக் குறிக்கும் ‘அலிலாத்’ என்ற தெய்வப் பெயர். அதுவும் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. களிமண் பலகைகளோ அதற்கு 700, 800 வருஷம் மூத்தவை. பேரன் பிறக்குமுன் பேரனிடமிருந்து பாட்டன் கடன் வாங்க முடியாது. ‘அல்’ஐயும் சமஸ்கிருத ‘இப’வையும் (யானை) ஒட்டி எலிஃபாஸ் உண்டானது என்று சில பழைய ஐரோப்பிய அறிஞர்களும் எழுதினார்கள். காலக்கணக்கு அதற்கும் இடங்கொடுக்கவில்லை.

அப்படியானால் எ-ரெ-பாவின் தாய்வீடு எது? ஆபிரிக்கப் பக்கமாகத் தேடுவோரே அதிகம். பண்டை எகிப்தியர் யானையையும் தந்தத்தையும் ‘அபு’ என்பதுபோன்ற ஒரு சொல்லால் குறித்தார்கள். நைல் நதியில் அஸ்வானுக்கு எதிரே உள்ள தீவுக்கும் அவர்கள் வைத்த பெயர் அதுதான். கிரேக்கர் அதை மொழிபெயர்த்து எலிஃபந்தினே என்றார்கள். இலத்தீனில் தந்தத்துக்கு வழங்கும் ‘எபுர்’ என்ற சொல்லும் அந்த எகிப்திய வேரிலிருந்து வந்ததென்பதே பலரின் கருத்து. எலிஃபாஸின் பின்பாதியிலும் அதே ‘அபு’ ஒளிந்திருக்கலாம் என்பர். முன்பாதி இன்னும் வழக்கில்தான் இருக்கிறது.

ஃபீல் நடந்த வழி

சரி, நம் ‘ஃபீல்’ எங்கிருந்து வந்தது? அதுவும் அரபு மண்ணில் முளைத்த சொல் அல்ல. பாரசீகத்தின் ‘பீல்’ அரபிக்குள் வந்தது. அரபியில் பகர ஒலி இல்லாதபடியால் அது ஃபகரமாயிற்று. பாரசீகத்துக்கும் முந்திய அக்காத் மொழியில் ‘பீரு’, ‘பீலு’ என்ற வடிவங்கள் உண்டு. பாரசீகப் பேரரசன் தாரியூஸ் சூசா நகரில் தன் அரண்மனையைக் கட்டிய விவரத்தைக் கல்வெட்டாக வைத்திருக்கிறான். எந்த மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் அது. அதில் ‘பீருஷ்’ என்ற பொருள் கூஷ் நாட்டிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்ததாக இருக்கிறது. பீருஷ் என்றால் தந்தம். பல்லிலிருந்து விலங்குக்குப் பெயர் போவது இங்கேயும் நடந்திருக்கிறது.

சமஸ்கிருதத்தில் ‘பீலு’ யானைக்கும் ஒரு மரத்துக்கும் பெயர். அந்த மரத்தை நாம் எல்லோரும் அறிவோம். பல் துலக்குகிற மிஸ்வாக் குச்சி தரும் மரம்தான். அரபியில் அராக், தமிழில் உகாய். வட இந்தியாவில் இன்றைக்கும் அதைப் பீலு என்கிறார்கள். இந்தியாவைச் சேர்ந்த ஆய்வாளர் பஹதா அன்சுமாலி முகோபாத்யாய் 2021இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பீலு என்ற சொல் திராவிட மொழிகளின் பல் என்ற சொல்லோடு ஒரே அடியில் பிறந்தது என்று வாதிட்டார். யானைக்குப் பெரிய பல், மரத்துக்குப் பல் துலக்கும் குச்சி; இரண்டையும் ஒரே பெயரில் கட்டியது பல்தான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சிந்துவெளி மக்கள் மெசொப்பொத்தேமியாவுக்குத் தந்தம் அனுப்பியபோது சொல்லும் கூடவே கப்பலேறியது என்கிறார்.

இது நிரூபணமான முடிவல்ல, ஒரு கருதுகோள். இதை மேடையில் ஏற்றி ‘குர்ஆனில் தமிழ்ச் சொல்’ என்று கைதட்டு வாங்க ஒருவர் புறப்பட்டால், முதலில் சொன்ன இளைஞருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு கருதுகோளைக் கருதுகோள் என்றே சொல்லி முன்வைக்கும்போது யோசிக்க நிறைய இடம் கிடைக்கிறது.

குர்ஆனில் ஃபீல் என்ற சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது, 105ஆம் ஸூராவில். ஐந்து வசனங்களே கொண்ட மக்கீ ஸூரா அது. எங்கள் ஓதற்பள்ளிப் பிள்ளைகள் முதலில் மனனமிடும் ஸூராக்களில் ஒன்று. யமனை ஆண்ட அபிசீனியத் தலைவன் அப்ரஹா கஃபாவை இடிக்கப் படையோடு வந்ததும் அழிந்ததும் அதன் செய்தி. அந்த ஆண்டுக்கே அரபியர் ‘யானை ஆண்டு’ என்று பெயர் வைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பிறந்தது அந்த ஆண்டில் என்பது வழிவழி வந்த செய்தி. ஸீறா ஆசிரியர்கள் அந்த யானையின் பெயரைக்கூட, மஹ்மூத் என்று, எழுதிவைத்திருக்கிறார்கள். கஃபாவின் திசையில் அது நகர மறுத்து மண்டியிட்டதாம். அரபு நாட்டில் பிறவாத விலங்கு, பாரசீகத்தார் கொடுத்த பெயர். என்றாலும் அந்தச் சொல் அரபியின் நடு வீட்டில் உட்கார்ந்துவிட்டது. இரவல் சொல்லால் ஒரு மொழிக்குக் குறைவு வருவதில்லை.

லுக்கானியப் பசுவும் வற்றாப்பளையும்

உரோமர் யானையை முதலில் கண்டது கி.மு. 280இல். கிரேக்க மன்னன் பிர்ரஸ் இத்தாலிக்குக் கொண்டுவந்த யானைகள் அவை. போர் நடந்த இடம் தென் இத்தாலியின் லுக்கானியா. கண்ட வியப்பில் அவர்கள் வைத்த பெயர் ‘லூக்கா போஸ்’: லுக்கானியப் பசு. அவர்கள் அறிந்த நாற்கால் பிராணிகளில் பெரியது மாடுதான். வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாமும் அப்படித்தானே! அமெரிக்காவிலிருந்து வந்த பறவை நமக்கு வான்கோழி. ஆபிரிக்காப் பறவை நெருப்புக்கோழி. ஒட்டகத்தையும் சிவிங்கியையும் ஒட்டவைத்து ஒட்டகச்சிவிங்கி என்கிறோம். இலத்தீன்காரரும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் ஒட்டித்தான் அதற்குப் பெயர் சொன்னார்கள்.

பிளினி (கி.பி. 79இல் இறந்தவர்) லுக்கானியக் கதையை எழுதிவைத்தார். அவருக்கு முந்திய வாரோ என்ற மொழியறிஞருக்கு அது திருப்தி தரவில்லை. லூக்கா என்பது ஊர்ப்பெயர் அல்ல, ‘ஒளி’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. யானை மேலிருந்த கேடயங்களின் மினுக்கத்தால் வந்த பெயர் என்று அவர் நினைத்தார். ஒரு பெயர், இரண்டு கதை.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு உதாரணம் தேடப் போகத் தேவையில்லை. வற்றாப்பளை என்ற பெயரைக் கேட்டவுடன் ‘நீர் வற்றாத பளை’ என்று பொருள் சொல்வோர் உண்டு. நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊருக்கு அது பொருத்தம்தான். ஆனால் கோயிலை நம்பி வாழும் மக்களின் வாய்மொழி வேறு: மதுரையை எரித்துவிட்டு ஈழத்துக்கு வந்த கண்ணகி பல பளைகளில் தங்கிக் கடைசியாக வந்து அமர்ந்தது பத்தாவது பளை, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. முதற் கதை ஊரின் நிலத்தைச் சொல்கிறது. இரண்டாம் கதை ஊரின் நம்பிக்கையைச் சொல்கிறது. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். ஆனால் சொல்லைப் பற்றி மக்கள் சொல்லும் கதை வேறு, சொல்லின் வரலாறு வேறு. முன்னதற்கு நம்பிக்கை போதும். பின்னதற்குக் காலமும் எழுத்துச் சான்றும் வேண்டும்.

இலத்தீனில் யானைக்கு மூன்றாவது பெயரும் ஒன்று உண்டு: ‘பார்ருஸ்’. கவிஞர் ஹொராஸ் அதைப் பயன்படுத்தினார். நபி (ஸல்) அவர்களின் காலத்தவரும், 636இல் ஸ்பெயினின் செவீலில் இறந்தவருமான பாதிரியார் இசிதோர், இது இந்தியர் யானைக்குச் சொல்லும் பெயர் என்றும் யானை பிளிறும் ஒலியிலிருந்து வந்தது என்றும் தம் கலைக்களஞ்சியத்தில் குறித்தார். உடனே நம்மவர் சிலர் ‘வாரணம்!’ என்று துள்ளக்கூடும். ஒலி ஒத்திருப்பது விசாரணையைத் தொடங்கத்தான் போதும், முடிக்கப் போதாது.

அரபி உண்மையாகவே கொடுத்தவை

அல்-ஃபீல் இலத்தீனுக்குள் போகவே இல்லையா? போனது. ஆனால் வேறு இரண்டு வாசல்களால்.

ஒன்று சதுரங்கம். இந்தியச் சதுரங்கத்தின் யானை பாரசீகத்தில் பீல், அரபியில் அல்-ஃபீல். முஸ்லிம் ஸ்பெயின் வழியே ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது காயின் பெயரும் போனது. மத்திய கால இலத்தீனில் அது ‘அல்ஃபினுஸ்’, ‘அல்ஃபிலுஸ்’. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் ‘அல்ஃபில்’. ஆங்கிலேயர் பிஷப் என்று சொல்லும் காய்தான் இது. அரபுக் காய்க்கு உருவம் செதுக்குவதில்லை. இரண்டு தந்தங்களுக்கு அடையாளமாக இரண்டு முனை மட்டும் வைப்பார்கள். அந்த இரு முனையைப் பாதிரியாரின் தொப்பி என்று ஆங்கிலேயர் எண்ணினார்கள் என்று சதுரங்க வரலாற்றாசிரியர்கள் விளக்குவர்.

மற்றது வைத்தியம். கிரேக்க வைத்தியர்கள் ‘எலிஃபந்தியாஸிஸ்’ என்றது குஷ்டத்தை. யானைத் தோல்போலத் தடித்து வெடிக்கும் தோலுக்காக வைத்த பெயர். அரபு வைத்தியர் குஷ்டத்துக்கு ‘ஜுதாம்’ என்ற தனிப்பெயர் வைத்திருந்தார்கள். ‘தாஉல் ஃபீல்’, அதாவது யானை நோய், என்று அவர்கள் சொன்னது கால் வீங்கித் தூண்போலாகும் நோயை. 11ஆம் நூற்றாண்டு தொடக்கம் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்ந்தபோது இரண்டு நோயும் ஒரே பெயருக்குள் விழுந்தன. பிற்கால வைத்தியர்கள் ‘கிரேக்கரின் எலிஃபந்தியாஸிஸ்’, ‘அரபியரின் எலிஃபந்தியாஸிஸ்’ என்று பிரித்துப் பேசித் தப்பவேண்டி வந்தது. கடைசியில் வென்றது அரபியரின் பொருள். நாமும் ஆனைக்கால் என்றுதான் சொல்கிறோம். 2016இல் உலக சுகாதார நிறுவனம், இலங்கை ஆனைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தபோது அந்த ஆங்கில அறிக்கைகளில் வந்த நோய்ப் பெயருக்கு இருந்த பொருள், அரபு வைத்தியர் கொடுத்த பொருள்தான்.

மூன்றாவதாக ஒரு சிறு செய்தி. கலீபா ஹாரூன் ரஷீத் மேற்கு ஐரோப்பாவின் பேரரசன் சார்லமேனுக்கு ஒரு யானையை அன்பளிப்பாக அனுப்பினார். அது 802இல் ஆகன் நகர் போய்ச் சேர்ந்து, 810இல் இறந்தது. இலத்தீன் அரண்மனைக் குறிப்புகளில் அதன் பெயர் ‘அபுல் அபாஸ்’. அப்பாசியரின் பெயரை ஓர் ஆனை இலத்தீன் ஏட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது!

மேடையில் பெருமை பேசத்தான் வேண்டுமென்றால் இவை போதாதா? இத்தனை உண்மை கையிலிருக்கப் பொய்யை ஏன் எடுக்க வேண்டும்?

கொம்பில்லாத ஆனை

இனி நம் தீவுக்கு வருவோம். அலெக்சாந்தரோடு வந்த ஒனேசிகிரிட்டஸ், தப்ரபேன் தீவின் யானைகள் இந்திய யானைகளைவிடப் பெரியவை, போருக்குத் திறமானவை என்று எழுதியதைப் பிளினி எடுத்துக் காட்டுகிறார். தீவார் பெரிய ஓடங்களில் யானைகளை ஏற்றிக் கலிங்கத்து மன்னனுக்கு விற்றதை ஏலியன் என்பார் குறித்தார். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ், இத்தீவின் மன்னன் யானையை முழம் அளந்து விலை கொடுத்து வாங்குவதாகச் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலிஃபாஸ், பீருஷ் இரண்டும் பல்லைச் சுற்றி வந்த பெயர்கள். நம் தீவின் ஆனைக்கோ அந்தப் பல்லே அநேகமாக இல்லை. இலங்கை ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் வன்னியில் ‘கொம்பன்’ என்று தனியாகச் சொல்லவேண்டி வந்தது. கொம்பில்லாத ஆண் ‘அலியன்’. சிங்களத்தில் ‘அலியா’. ஆபிரிக்காவில் தந்தத்துக்காக யானை செத்தது. இங்கே வியாபாரம் உயிருள்ள ஆனையில் நடந்தது. ஆகவே கொல்லாமல் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இங்கே மதிப்பு.

அந்த மதிப்பைப் பெற்றவர்களில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். 1859இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனன்ட், யானை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ‘பணிக்கர்’ என்போர் தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களில் வாழ்ந்ததை எழுதினார். மான் தோலிலும் எருமைத் தோலிலும் திரித்த கயிறு. காற்றின் திசை பார்த்துப் பின்னால் நெருங்குவது. பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தில் கட்டுவது. இரண்டு பேர் போதும் என்கிற துணிச்சல் அது. கண்டித் தலதா மாளிகையின் பேழையைப் பல வருஷம் சுமந்த ‘ராஜா’ 1925இல் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்ட ஆனைதான். 1986இல் அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தது; 1988இல் அது இறந்தது. பெரஹராவை வர்ணிப்போர் பணிக்கரை வர்ணிப்பதில்லை.

1344இல் இங்கு வந்த இப்னு பதூதா ஒரு கதை சொல்கிறார். ஷீராஸ் நகரத்து ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீஃப், பாவாதமலைக்கு வழி கண்டவர். அவரோடு வந்த பக்கீர்கள் பசி தாங்காமல், அவர் தடுத்தும் கேளாமல், ஓர் ஆனைக்கன்றைக் கொன்று தின்றார்கள். ராத்திரி ஆனைகள் வந்தன. ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்க்கையும் முகர்ந்தன, அவர் தின்னவில்லை. அவரைத் தும்பிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் ஊரில் இறக்கின. அது முதல் இத்தீவார் முஸ்லிம்களை மதித்து வீட்டில் இடங்கொடுத்தார்கள் என்கிறார் இப்னு பதூதா. கதையை அப்படியே நம்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முஸ்லிம்களின் நற்பெயருக்கு ஆனையைச் சாட்சியாக நிறுத்திய ஒரு கதை 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வழங்கியிருக்கிறது. அது ஒரு வரலாற்றுச் செய்தி.

எலிஃபாஸ் என்ற சொல் வன்னிக்கு வந்தது போர்த்துக்கேயரின் வாயில். 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், ஆனை ஏற்றும் துறையை ‘கைஸ் தொஸ் எலிஃபந்தெஸ்’, ஆனைகளின் துறை, என்றார்கள். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கயிட்ஸ்’ அதன் மிச்சம். 1658இல் வந்த ஒல்லாந்தரும் வன்னித் தலைவர்களிடம் ஆனைகளையே திறையாகக் கேட்டார்கள். வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகள் ஆனையிறவால் நீரேரி கடந்து குடாநாடு போயின. கோல்கொண்டா பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் வந்து வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஆனையிறவு, ஆனைவிழுந்தான், ஆனைக்கோட்டை, ஆனைப்பந்தி – நம் வரைபடத்தில் அந்த நடையின் தடம் இன்னும் கிடக்கிறது.

புளோரன்ஸில் ஒரு வன்கூடு

1758இல் சுவீடனின் லின்னேயஸ் எல்லா உயிர்களுக்கும் இலத்தீனில் இருசொற் பெயர் வைத்தபோது எலிஃபாஸ் மக்ஸிமஸ் பிறந்தது. அதன் வாழிடம் இலங்கையின் சதுப்பு நிலங்கள் என்றே அவர் எழுதினார். ஆபிரிக்க யானையையும் இதற்குள்ளேயே அடக்கிவிட்டார். 1797இல்தான் புளூமன்பாக் அதைப் பிரித்துப் பெயரிட்டார்.

ஒரு விலங்கின் இலத்தீன் பெயருக்குச் சாட்சியாக ஓர் உடல் இருக்க வேண்டும் என்பது விலங்கியலார் விதி. எலிஃபாஸ் மக்ஸிமஸுக்குச் சாட்சியாகச் சுவீடனில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் ஆனைக் கரு ஒன்று நெடுங்காலம் இருந்தது. அதன் புரதத்தையும் மரபணுவையும் சோதித்தவர்கள், அது ஆபிரிக்க யானையின் கரு என்று 2013இல் அறிவித்தார்கள். இருநூற்றைம்பது வருஷம் தவறான சாட்சி கூண்டில் நின்றிருக்கிறது! பிறகு உண்மைச் சாட்சியைத் தேடினார்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வன்கூட்டை ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் பார்த்து 1693இல் எழுதியிருந்தார். லின்னேயஸ் அதை மேற்கோள் காட்டியிருந்தார். இன்று பெயருக்குரிய உடல் அதுவே.

அந்த ஆனை யார்? 1630 அளவில் இலங்கையில் பிறந்து, ஒல்லாந்தர் கப்பலில் ஐரோப்பா போய், ஊர் ஊராக வித்தை காட்டி, 1655இல் புளோரன்ஸில் இறந்த ஒரு பிடி. ‘ஹன்ஸ்கன்’ என்று அழைத்தார்கள். 1637இல் ஓவியர் ரெம்பிராண்ட் அதைப் பார்த்துக் கரிக்கோலால் வரைந்தார். ஆக, பல்லுக்கு வைத்த ஒரு பெயர் மூவாயிரம் வருஷம் நடந்து, கடைசியில் கொம்பில்லாத இலங்கைப் பிடி ஒன்றின் எலும்பில் வந்து நின்றிருக்கிறது.

பெயரும் காணியும்

2011இல் எடுத்த கணக்கில் இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள். அவற்றில் சில எங்கள் பக்கமும் வருகின்றன. வற்றாப்பளை வயல்கார அயலவர் ஒருவர் அதன் பெயரைச் சொல்லவே மாட்டார். ‘ராவு அவர் வந்திட்டுப் போயிட்டார் காக்கா, வேலியைப் பாருங்கோ’ என்பார். பெயர் சொன்னால் வந்துவிடும் என்ற பயமும், பெரியவர் என்ற மரியாதையும் அதில் உண்டு. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலிருந்து வற்றாப்பளைப் பொங்கலுக்கு மடப்பண்டம் எடுக்கிற மண்ணில் அந்த மரியாதை ஆச்சரியமில்லை.

இனி, தொடக்கத்தில் சொல்லாமல் வைத்ததைச் சொல்கிறேன். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்கள் பழையவை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடையோடு போனவர்கள் பெட்டியில் உறுதியை எடுத்துப் போகவில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று திரும்பி வந்து ‘எங்கட மூத்தவாப்பாட காணி’ என்று காட்டும்போது, எழுதுகோலோடு இருக்கிறவர் கேட்பது ஒன்றுதான்: ‘என்ன சாட்சி?’ காட்டுவதற்கு இருப்பது கிணற்றின் பெயர், குளத்தின் பெயர், வயல் வட்டையின் பெயர், பழைய வரைபடத்தில் ஒரு சொல். வன்னி வரலாறு தேடுவோர் முதலில் புரட்டும் ஜே. பி. லூயிஸின் 1895ஆம் ஆண்டு வன்னிக் கைநூல் போன்ற சில பக்கங்கள். அவ்வளவுதான்.

சொல்லே சாட்சியாக நிற்கவேண்டிய சமூகம், சொல்லைப் பற்றிப் பொய் பேசக்கூடாது. மேடையில் அல்-ஃபீலைத் தவறாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிய அதே வாய், நாளைக்குக் காணிக் கச்சேரியில் ‘இந்தக் குளத்துக்கு இந்தப் பெயர் எங்கட ஆக்கள் வைத்தது’ என்று உண்மையைச் சொன்னாலும், கேட்கிறவர் சிரிக்க நாம் இடம் வைத்துவிடுகிறோம். குடுவைக்குள் இருந்த கருவைச் சுவீடன்காரர் சோதித்துப் பார்த்து, ‘இது அல்ல’ என்று சொன்னார்கள். அதனால் அவர்களின் அருங்காட்சியகத்துக்குக் குறைவு வரவில்லை; அதற்குப்பிறகுதான் உண்மைச் சாட்சி கிடைத்தது.

செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பணிக்கர் தொழில் மறைந்துவிட்டது. அந்தத் தொழிலின் சொற்கள் முதியவர்களின் வாயில் இன்னும் மிச்சம் இருக்கக்கூடும். கயிற்றின் வகைக்கு என்ன பெயர், சுருக்கின் முடிச்சுக்கு என்ன பெயர், ஆனையின் நடையை, வயசை, மதத்தை எப்படிச் சொன்னார்கள், கட்டிய ஆனையை அமர்த்த என்ன சொல்லிப் பேசினார்கள். ஒன்றும் முறையாக எழுதப்படவில்லை. மூதூர், ஏறாவூர் வாசகர்களும் வன்னி, மன்னார் வாசகர்களும் தத்தம் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதியனுப்பினால் இந்த இதழிலேயே தொகுத்து வெளியிடலாம். அனுப்பும்போது சொல்லை மட்டும் அனுப்பவேண்டாம். எந்த ஊர், என்ன வயசுக்காரர் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், எந்த வருஷம் எழுதினீர்கள் என்ற விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.